வானில் குடியிருப்போர் கேட்டவை – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடையளிக்கும்போது, நானும் மனைவியும் ஒரு பழைய டொயோட்டா டொல்பின் வானை வீடாக வைத்துத் திருகோணமலையில் பதினான்கு மாதங்கள் வாழ்ந்ததை ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. "வானில் இருந்தீர்கள் என்றால் விமானப்படையிலா?" என்று கேட்டிருக்கும் மட்டக்களப்பு வாசகருக்கு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை ஐயா, நான்கு சில்லு வான். வானோர் வாழ்வு கிடைக்குமென்று நம்பித்தான் நாங்களும் ஏறினோம்.

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். வானை வீடாக்கி ஊர் சுற்றலாம் என்கிறார் அவர். இரண்டு பேர் ஒரு வானுக்குள் உண்மையில் வாழ முடியுமா? – வாசகி, உப்புவெளி

வாழலாம் அம்மா, நிமிர்ந்து நிற்கத்தான் முடியாது. சாதாரண டொல்பின் வானின் வெளி அகலமே 1.7 மீற்றருக்கு உட்பட்டது. தகட்டின் தடிப்பும் உள் உறையும் கழிந்தால், குறுக்கே படுக்க ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதலான இடமே மிஞ்சும் என்பதால், படுக்கையை நீளவாக்கில் அமைக்க வேண்டிவரும். அமைத்ததும் நடக்க இடம் இருக்காது. ஒருவர் உடுப்பு மாற்றும்போது மற்றவர் வெளியே நின்று கடலைப் பார்க்க வேண்டும்.

இடநெருக்கடி எப்படியிருக்கும் என்பதற்கு எங்கள் காலைத் தேநீரைச் சொல்கிறேன். மெத்தையை மடித்து, பலகையைத் தூக்கி, அரிசி வாளியை எடுத்து வெளியே வைத்து, அதன் பின்னாலிருக்கும் சீனிப் போத்தலை எடுத்து, எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி மெத்தையை விரித்து உட்கார்ந்த பிறகுதான், தேயிலை அரிசி வாளிக்குக் கீழே இருப்பது நினைவுக்கு வரும். இப்படி மூன்று காலைகள் கழிந்த பின் மனைவி எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் குறித்துக் கதவில் ஒட்டினார். அந்தத் தாள் இல்லாவிட்டால் பதினான்கு மாதம் பதினான்கு நாளாகியிருக்கும்.

சண்டை வந்தாலும் சிரமம்தான். வீட்டில் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போகலாம். வானில் இருப்பதோ ஓர் இழுவைக் கதவு. அது தன் தண்டவாளத்தில் கிறீச்சிட்டு மெல்ல நகர்ந்து வந்து மூடுவதற்குள், யார் பக்கம் நியாயம் என்று கரையிலுள்ள எல்லோரும் தீர்மானித்துவிடுவார்கள்.

கேள்வி: கேட்க வெட்கமாக இருக்கிறது. மலசலகூடத்துக்கு என்ன செய்தீர்கள்? – வாசகர், கிண்ணியா

வெட்கப்பட வேண்டாம். வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கின்றன. முதல் இரண்டு வாரமும் தேநீர்க் கடைகளை நம்பியிருந்தோம். ஒரு பிளேன்ரீ குடித்தால் கடையின் மலசலகூடத்தைப் பயன்படுத்தலாம் என்பது எழுதாத ஒப்பந்தம். ஆனால் குடித்த பிளேன்ரீ முக்கால் மணிநேரத்தில் அடுத்த கடையைத் தேடவைக்கும் என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பின் கடைகளும் இல்லை.

பின்னர், இறுக்கமான மூடியுள்ள இருபது லீற்றர் வாளியொன்றில் தும்புத்தூள் போட்டுப் பாவிக்கத் தொடங்கினோம். நம் நாட்டில் தும்புத்தூளுக்குப் பஞ்சமில்லை. ஈரத்தையும் நாற்றத்தையும் அது நன்றாக உறிஞ்சும். சிறுநீரைத் தனிப் போத்தலில் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் இதிலுள்ள முக்கிய விடயம். இரண்டும் கலந்தால்தான் தாங்க முடியாத நாற்றம் எழும். பிரித்து வைத்தால் வாளி இரண்டு மூன்று நாள் தாங்கும். நிரம்பியதைக் கடலிலோ களப்பிலோ கொட்டக் கூடாது. உறவினர் வளவின் ஒரு மூலையில் ஆழமாகக் குழி வெட்டி மூடினோம், அதுவும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாமோ அவ்வளவு தள்ளி. அந்த வளவுக்காரரிடம் நாங்கள் இன்றுவரை குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

குளிப்பதற்கு ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு வாளி. சுடுநீர் ஆசை வந்தால் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. ஆனால் பலரும் பக்தியோடு நீராட வரும் அந்த ஏழு கிணறுகளடியில் ஒரு வாரத்து அழுக்கு உடுப்பை அவிழ்ப்பது அழகல்ல.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே வேகிறது. வானுக்குள் எப்படி உறங்கினீர்கள்? எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு படுக்கலாமா? – வாசகர், திருகோணமலை நகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை: கூடவே கூடாது. நின்றுகொண்டே ஓடும் எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே மயங்கிவிடுவார். அதேபோல் சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது என்பதால், கசிந்தால் மேலே போகாமல் தரையில், அதாவது நம் மெத்தை மட்டத்தில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளிப்புறமாகத் திறக்கும் துளை இருக்க வேண்டும். நாங்கள் சமையலையே பின்கதவுக்கு வெளியே மாற்றிக்கொண்டோம். அதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். உள்ளே ஒருநாள் சூடை மீன் பொரித்ததும், அந்த மணம் ஒரு கிழமையாகியும் தலையணையை விட்டுப் போகாததும் மற்றக் காரணம்.

வெக்கையைப் பொறுத்தவரை, வெள்ளைப் பூச்சு, கூரைக்கு உட்புறம் வெப்பத்தடுப்புத் தாள், மரநிழல் ஆகிய மூன்றும் சேர்ந்தே உதவும். பகலில் வானுக்குள் இருக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரவுக்குக் கண்ணாடிகளில் நுளம்பு வலை தைத்து, கூரையில் ஒரு காற்றிழுக்கும் விசிறி பூட்டுங்கள். 12 வோல்ட் விசிறி 2 அம்பியர் எடுத்தால் பத்து மணிநேரத்துக்கு 20 அம்பியர்-மணி செலவாகும். 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் பாதிக்குமேல் இறக்காமலிருப்பது நல்லது என்பதால், விசிறி, விளக்கு, கைப்பேசி ஆகியவற்றை ஓர் இரவுக்கு அது தாராளமாகத் தாங்கும். சிறிய குளிர்ப்பெட்டியும் வேண்டுமென்றால் கூரையில் 200 வோட் சூரியத் தகடாவது தேவைப்படும். எதைச் செய்தாலும் எஞ்சினை இயக்கும் பற்றரியைத் தொடாதீர்கள். நாங்கள் தொட்டோம்; மறுநாள் காலை, முதல்நாள் நாங்கள் மீன் விலையைக் குறைக்கக் கேட்டு ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மீன்காரரிடமே வானைத் தள்ளித்தரச் சொல்லி நின்றோம்.

கேள்வி: இரவில் எங்கே நிறுத்துவது? யாரும் தொந்தரவு செய்யமாட்டார்களா? – வாசகர், நிலாவெளி

நம் ஊரில் தொந்தரவு செய்வதற்கு ஒருவர் வரமாட்டார். விசாரிப்பதற்குப் பத்துப் பேர் வருவார்கள். நிலாவெளிப் பக்கம் நாங்கள் நிறுத்திய முதல் மாலையே ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கி, "எந்த ஊர்? ஆரின்ர பிள்ளை?" என்று தொடங்கினார். ஊரையும் பிள்ளையையும் சொல்லி முடித்தபின், குரலைத் தாழ்த்தி, "தம்பி, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்றார். விருப்பப்பட்டுத்தான் இருக்கிறோம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. மறுநாள் விடிய அவர் வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்தன, என் மாமனாரோடு தாம் பேசிப் பார்க்கலாம் என்ற செய்தியோடு.

ஆகவே பொழுது படுமுன் இடத்துக்குப் போய், பக்கத்து வீட்டிலோ மீனவர் வாடியிலோ கேட்டுவிட்டு நிறுத்துவதே வழி. கேட்டு நிறுத்தினால் நீங்கள் விருந்தாளி. இருட்டில் வந்து சத்தமில்லாமல் நிறுத்தினால் பொலிசுக்கு அழைப்புப் போகும். கடற்படைக் காணிகளையும் இராணுவம் இருக்கும் பிரட்றிக் கோட்டையையும் நினைக்கவே வேண்டாம். டச்சுக்குடாப் பக்கம் நிறுத்தினால் கோட்டைப் புள்ளிமான்கள் வரும். ஒரு காலையில் திறந்திருந்த கதவால் தலையை நுழைத்த மானொன்று, நாங்கள் எழுந்திருக்குமுன்பே வாழைப்பழச் சீப்பில் பாதியை முடித்துவிட்டு, மிகுதிக்கு எங்களைப் பார்த்தபடி நின்றது. பொலித்தீன் பைகளை அவற்றுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அதையும் தின்னும்.

விடிய ஐந்தரைக்கு பீதோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு பாண் ஓட்டோ வரும். அது எங்கள் பக்கத்தில் நின்று போன ஒருநாள், பின்தங்கி வந்த பெண்கள் இருவர் எங்கள் கதவைத் தட்டி இரண்டு றாத்தல் பாண் கேட்டார்கள். இல்லை என்றதும், "அப்ப என்னதான் விக்கிறீங்கள்?" என்றார்கள். நியாயமான கேள்வி.

ஏன் வானில் படுக்கிறீர்கள் என்று எவருமே கேட்காத இடம் ஒன்று இருந்தது. அது 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது டீசல் வரிசை. அந்த மாதங்களில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் வாகனத்துக்குள்ளேதான் உறங்கினார்கள். எங்களிடம் மெத்தை இருந்ததால், முன்னாலிருந்த லொறிச் சாரதியும் பின்னாலிருந்த ஓட்டோக்காரரும் பகலில் முறைவைத்து அதில் சாய்ந்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: வானை மணலில் இறக்கலாமா? – வாசகர், குச்சவெளி

இறக்கலாம்; ஏற்றுவதுதான் வேலை. ரயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் ரயர் பரந்து மணலில் மிதக்கும். புதைந்துவிட்டால் அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள், சில்லு தன் குழியைத் தானே ஆழமாக்கும். எங்களைக் கரைவலை இழுப்பவர்கள் பன்னிரண்டு பேர் தங்கள் கயிற்றைக் கட்டி, வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டோடு வெளியே இழுத்தார்கள். "இண்டைக்குப் பட்டது பெரிய மீன்தான்" என்றார் கயிற்றின் கடைசியில் நின்றவர். உப்புக் காற்றில் நின்ற வானின் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறை நன்னீரால் கழுவாவிட்டால் கறள் முதலில் கதவின் அடியைத் தின்னும். 2004 மார்கழிச் சுனாமியைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கரையில் நிறுத்தும்போது வானின் முகம் வீதியைப் பார்த்திருக்கட்டும்.

கேள்வி: விலாசம் இல்லாமல் அலுவல்கள் எப்படி நடக்கும்? – வாசகி, மூதூர்

நடக்காது. கிராம உத்தியோகத்தரின் சான்றுக்கும் வாக்காளர் இடாப்புக்கும் ஒரு வீட்டு விலாசம் வேண்டும். பெற்றோர் வீட்டு விலாசத்தை விட்டுவிடாதீர்கள். ஆசனங்களைக் கழற்றி வானின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வான் ஒன்று பார்த்திருக்கிறேன். எந்தக் காலத்தில் வாங்கிக் குடியேறுவது நல்லது? – வாசகர், தம்பலகாமம்

குடியேறச் சித்திரை நல்லது. வாங்க மார்கழி நல்லது, மழையில் வானின் குறை தெரிந்துவிடும். வாடைக் காற்றோடு மழை பிடித்தால் நெருப்புக்குச்சி பற்றாது, தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும், கண்ணாடிகளை மூடிப் படுத்தால் நம் மூச்சே கூரையில் நீராகிச் சொட்டும். முதல் மாரியைச் சமாளித்த நாங்கள் இரண்டாவது மாரி தொடங்கியதும் வாடகை அறைக்கு இறங்கிவிட்டோம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விலை ஏறியதை நினைத்து அவசரப்படாதீர்கள். விற்பவர் வானைக் கொட்டிலுக்குள் நிறுத்தியிருந்தால் வெளியே எடுக்கச் சொல்லி, கூரையில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே ஏறிக் கால்மணிநேரம் படுத்துப் பாருங்கள். எங்கள் வான் உள்விளக்கின் திருகாணி வழியாக ஒழுகும் என்பது எங்களுக்குத் தெரியவந்தது வாங்கி மூன்றாம் மாதம், நள்ளிரவில், என் நெற்றியில்.