கறுப்பு நாய்க்குப் 'பனி உருண்டை' என்று பெயர்

கேள்வி: கிரேஹவுண்ட் என்ற ஓட்டப்பந்தய நாய்களில் 'ஸ்நோபால்' என்ற ஒரே ஆண் நாய் இனத்தையே மாற்றிவிட்டதாகப் படித்தேன். ஒரு நாயால் அது முடியுமா, டாக்டர்?
– வாசகர், தருமபுரி

பதில்: ஸ்நோபால் என்றால் பனி உருண்டை. நாயோ கன்னங்கரேல். ஓட்டத்துக்குத் தயாராக இருக்கும்போது கறுப்பு சாட்டின் துணி மாதிரி மினுமினுக்குமாம்! அதன் சொந்தக்காரர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த மேஜர் டோப்பம். 1795 டிசம்பரில் 25 கிலோ விண்கல் ஒன்று வந்து விழுந்தது இவர் நிலத்தில்தான். அதற்கு ஒரு நினைவுத் தூணே எழுப்பினார். என்னைக் கேட்டால் அவருக்கு அடித்த பெரிய அதிர்ஷ்டம் கல் அல்ல, நாய்.

அப்போது பந்தயத்தில் நாய்கள் துரத்த இப்போதுபோலப் பொம்மை முயல் கிடையாது. திறந்த வெளியில் உயிருள்ள முயலின் பின்னால் இரண்டு நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். அதே யார்க்ஷயரின் மால்ட்டன் வட்டாரத்தில் ஸ்நோபால் 4 கோப்பைகளையும் முப்பதுக்கு மேற்பட்ட பந்தயங்களையும் வென்றது. பிறகு அதைப் பொலிக்கு விட்டார்கள். கட்டணம் பழைய இங்கிலாந்துப் பணத்தில் 3 கினி, அதாவது 63 ஷில்லிங். யாருடைய பெட்டையும் வரலாம். பெட்டை வருஷத்துக்கு ஒரு ஈத்தோ இரண்டு ஈத்தோ போடும். ஆணுக்கு அந்தக் கணக்கு இல்லை. ரத்தம் பரவியது இப்படித்தான்.

சரி, அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் எனக்கு மேஜரைவிட ஆர்ஃபோர்ட் பிரபுவைப் பிடிக்கும். பிரிட்டனின் முதல் பிரதமர் வால்போலின் பேரன். 1776இல் இங்கிலாந்தின் ஸ்வாஃபம் ஊரில் முயல்வேட்டைச் சங்கம் தொடங்கியவர். தாத்தா சேர்த்த ஓவியங்களை ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றவர். கிரேஹவுண்டுக்கு நெஞ்சுரம் வேண்டும் என்று புல்டாக்கோடு இணை சேர்த்து, ஏழு தலைமுறை பொறுமையாகக் காத்திருந்தாராம். அவரிடம் ஜாரினா என்று ஒரு பெட்டை இருந்தது. 47 ஓட்டங்கள், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. 13 வயதில்தான் முதல் ஈத்து என்கின்றன பழைய குறிப்புகள். அந்த வயதில் பல நாய்களுக்கு எழுந்து நிற்பதே பாடு. கால்நடை மருத்துவனாக எனக்கு நம்பவே தயக்கம். அந்த ஈத்தில் பிறந்த கிளாரெட்தான் ஸ்நோபாலின் தகப்பன்.

ஆக, ஒரு நாயால் முடியாது. குட்டிக்குப் பாதி தாயிடமிருந்துதான் வருகிறது. முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தேன். குட்டியைத் தூக்கி வருபவர்கள் அப்பனுடைய பரிசுப் பட்டியலை ஒப்பிப்பார்கள். "தாய் எப்படிங்க?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள்.

ஸ்நோபால் பிறந்த அதே ஈத்தில் மேஜர் என்ற ஆணும் சில்வியா என்ற பெட்டையும் பிறந்தன. இரண்டும் பேர் போன ஓட்டக்காரர்கள். மூன்றையும் ஒரே வயிற்றில் சுமந்தவளைப் பற்றி நான் படித்த பழைய குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: மேஜர் டோப்பத்தின் செல்லப் பெட்டை. பெயர்கூடப் போடவில்லை.