நாலு மணிக்கு எழுந்தாலும் ஏன் எனக்கு மட்டும் ஒட்டவில்லை?

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 29. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பி.காம். முடித்திருக்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். மொத்த மளிகைக் கடை ஒன்றில் பில் போடும் வேலை எனக்கு. காலை பத்து மணிக்குப் போனால் வீடு திரும்ப ஏழாகிவிடும்.

குரூப் 4 எழுதி வி.ஏ.ஓ. ஆக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. எழுதியும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறேன். தமிழ்ப் பகுதி நன்றாக வரும். கணக்கு எனக்கு வராது. அந்தக் கேள்விகளைக் கடைசியில் விட்டுவைத்து, நேரம் முடியும்போது ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

போன தடவை ரிசல்ட் வந்ததிலிருந்து யூடியூபில் வெற்றியாளர்களின் பழக்கங்கள் பற்றிய வீடியோக்களாகப் பார்க்கிறேன். அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும், ஜெயித்துவிட்டதாக மனதில் படம் ஓட்டிப் பார்க்க வேண்டும், எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். பீரோ கதவில் ‘நான் வி.ஏ.ஓ.’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கலர் பேனாவில் டைம்டேபிளும் போட்டேன்.

சில நாள் நன்றாக ஓடும். பிறகு குழாயில் தண்ணீர் வரும் நாள் வந்துவிடும், அல்லது மகளுக்குக் காய்ச்சல் வரும். ஒரு நாள் தவறினால் போதும், எல்லாம் போச்சு என்று ஆகிவிடும். டைம்டேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘திங்கட்கிழமையிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம்’ என்பேன். அந்தத் திங்கட்கிழமை வரை ரீல்ஸ்தான். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிறதால் கடையில் பில் போடும்போதே கண் சொருகுகிறது.

சமச்சீர் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மஞ்சள், பச்சை எனக் கோடு போடாத பக்கமே இல்லை. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. பரீட்சை ஹாலில் இரண்டு விடைகள் சரியாகத் தெரிகின்றன.

‘படிக்கிற வயசுல படிக்காம இப்ப என்னத்துக்கு’ என்கிறார் மாமியார். கணவர் வேண்டாம் என்றும் சொல்வதில்லை, படி என்றும் சொல்வதில்லை. என்னோடு படித்தவள் இப்போது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறாள். அவளிடம் இருக்கிற ஏதோ ஒன்று என்னிடம் இல்லை என்று நினைத்து இரவில் அழுகிறேன். ஜெயிக்கிறவர்களின் மனநிலை எனக்கு வாய்க்கவே இல்லையா மேடம்? அதை எப்படி வரவழைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

* * *

அன்புள்ள தங்கைக்கு,

வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டு, தோற்ற பரீட்சைக்கு மறுபடியும் புத்தகத்தை எடுக்கிறீர்கள். உங்களிடம் மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களே சொன்னாலும். நீங்கள் எடுத்துக்கொண்டது வேறு யாருடைய நாளையோ. நாலு மணிக்கு எழுந்து ஜெயித்தவரைத்தான் கேமரா முன் உட்கார வைக்கிறார்கள். அதே நாலு மணிக்கு எழுந்தும் பட்டியலில் பெயர் வராதவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அதனால் அந்த நாலு மணிதான் அவரை ஜெயிக்க வைத்ததா என்பதை அந்த வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர் வீட்டில் தண்ணீர் பிடித்தது யார் என்பதும் அதில் வராது.

முதலில் தூக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனதில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான்கரை மணி நேரம் தூங்கிவிட்டுப் படிப்பது, படித்ததை நீங்களே அழிப்பதற்குச் சமம். இரவில் ரீல்ஸுக்குப் போகும் நேரத்தை உறக்கத்துக்குக் கொடுங்கள். ஐந்தரைக்கு எழுந்தால் போதும்.

அடுத்தது, நீங்கள் டைம்டேபிளைக் கிழிக்கும் அந்த இடம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். 21 நாள் கணக்கு எந்த ஆராய்ச்சியிலும் பிறக்கவில்லை. முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்துவந்த மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், தங்கள் புதிய தோற்றத்துக்கு மனம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அதிலிருந்த ‘குறைந்தது’ எப்படியோ உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லேலியும் அவருடைய குழுவினரும். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் 96 பேர், சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, சாப்பிட்ட பின் நடப்பது போன்ற சின்னச் சின்னப் பழக்கங்களைத் தொடங்கினார்கள். அது தன்னால் நடக்கும் அளவுக்கு ஊற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இன்னொன்றையும் கண்டார்கள்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை.

ஆக, தண்ணீர் வந்த நாளில் நீங்கள் இழந்தது ஒரு மணி நேரப் படிப்பு மட்டும்தான். அதற்குப் பிறகு போன நாட்களை உங்கள் கோபம் எடுத்துக்கொண்டது. ‘நான் லாயக்கில்லை’ என்ற எண்ணம் வந்ததும் புத்தகத்தைப் பார்க்கவே கசப்பாக இருக்கும். அந்தக் கசப்பிலிருந்து தப்பிக்க விரல் தானாக ரீல்ஸுக்குப் போகும். தள்ளிப்போடுவதற்கு அடியில் பெரும்பாலும் சோம்பல் இருப்பதில்லை, இந்த வேதனைதான் இருக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், திமதி பிச்சில் ஆகியோர் முதலாமாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த அறிவுரைக்கு இது நேர் எதிர் என்று தெரியும். ஆனாலும் நான் இதை முழுமனதோடு நம்புகிறேன். இனி விட்டுப்போன நாளை நோட்டில் எழுதி வையுங்கள்: ‘இன்று தண்ணீர் பிடித்தேன். நாளை ஐந்தரைக்கு.’ அவ்வளவு போதும். திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தெருவில் தண்ணீர் எந்தெந்த நாள் வரும் என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்துதானே இருக்கும்? அந்த நாளுக்கென்று திட்டத்தில் தனி வரி வேண்டும். ‘தண்ணீர் வந்தால், அன்று காலைப் படிப்பு இல்லை. கடையில் மதியம் சாப்பிட்ட டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் பத்துக் கேள்வி.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவெடுப்பதைப் பற்றி ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர்களை ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னபோது, எங்கே எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் சொன்ன கெடுவுக்குள் எழுதிவிட்டார்கள். வெறுமனே ‘எழுதுகிறேன்’ என்று ஒப்புக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் எழுதினார்.

பீரோ கதவில் இருக்கும் தாள் இருக்கட்டும், கிழிக்க வேண்டாம். ஆனால் ஜெயித்துவிட்டதாகப் படம் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். வேலை தேடும் பட்டதாரிகளைக் கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கனவில் அதிகம் மிதந்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்தார்கள், வேலையும் குறைவாகவே கிடைத்தது. கிடைக்கப்போகும் நிம்மதியை மனம் முன்கூட்டியே அனுபவித்துவிடுவதால், பாடுபடும் வேகம் தணிந்துபோகிறது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். ‘படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, ஹாலில் குழம்புகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கலை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிவிடும். விடை பழகாது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை ஒரு பாடத்தைப் படிக்கவைத்து, ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், மறு சாராரைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதியவர்களுக்குப் பாடத்தில் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எட்டாம் வகுப்புத் தமிழில் ஓர் இயலை ஒரு தடவை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். கடையில் வீணாகும் பில் தாளின் பின்பக்கத்தில் நூல், ஆசிரியர், அடைமொழி, சொற்பொருள் என நினைவில் நிற்பதையெல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து, படிக்காமலே மறுபடி எழுதுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே தெரியவில்லையே என்று தோன்றும். அந்தத் திணறலில்தான் பாடம் ஊன்றுகிறது. கலர் பேனாக்களை மகளிடம் கொடுத்துவிடுங்கள், படம் வரையட்டும்.

கணக்கைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் கடிதத்திலேயே பெரிய வரியாகத் தெரிகிறது. குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, திறனறிவுக் கணக்குக்கு 25. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால், ஒவ்வொரு தடவையும் 37.5 மதிப்பெண்ணைக் குருட்டாம்போக்கில் விட்டுவிட்டு வருகிறீர்கள், ‘கொஞ்சம் கீழே’ நிற்கிறீர்கள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது எந்த வகுப்பில், யார் வாயிலிருந்து வந்த தீர்ப்போ தெரியவில்லை. நாள் முழுக்கத் தள்ளுபடி கழித்து, வரி கூட்டி, சில்லறை எண்ணித் தருகிறவர் நீங்கள். சதவீதமும் லாப நட்டமும் உங்கள் கைப்பழக்கத்திலேயே இருக்கின்றன.

‘வராது’ என்பதை உடைத்துப் பாருங்கள். எது வராது? ‘ஒரு வேலையை ஒருவர் 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில், சேர்ந்தால் எத்தனை நாள்?’ என்பது வராதா? மொத்த வேலையை 30 பங்கு என்று வையுங்கள். முதல் ஆள் ஒரு நாளில் 3 பங்கு, அடுத்தவர் 2 பங்கு. சேர்ந்தால் 5. முப்பதை ஐந்தால் வகுத்தால் ஆறு நாள். இந்த வகையை மட்டும் ஒரு வாரம், பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்துப் போடுங்கள். அடுத்த வாரம் தனிவட்டி. 25-ம் வேண்டாம், பாதி கைவந்தால்கூட நீங்கள் வேறு இடத்தில் நிற்பீர்கள்.

லட்சக்கணக்கானோர் எழுதி, சில ஆயிரம் பேரை எடுக்கும் தேர்வு இது. நன்றாகப் படித்தவர்களுக்கும் கிடைக்காமல் போவதுண்டு, அதை மறைத்து நான் ஆறுதல் சொல்லமாட்டேன். உங்கள் தோழியிடம் இருக்கும் ஏதோ ஒன்றைத் தேடுவதைவிட, அவரிடமே ஒரு நாள் பேசுங்கள். கணக்குக்கு எந்தப் புத்தகம் பார்த்தார், எதை விட்டார் என்று கேளுங்கள். மனசு இலேசாகும்.

கணவரிடம் ‘ஆதரவு கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரை பாப்பாவை நீங்க பார்த்துக்குங்க’ என்று கேளுங்கள். மாமியார் சொல்வதற்குப் பதில் தேட வேண்டியதில்லை. அவருக்கு நீங்கள் நிரூபிக்க எதுவும் கிடையாது.

இரவு அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் சரியான பின்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அது தொடர்ந்தால், பசி குறைந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு, சிவப்பில் எழுதியது குறைகிறதா கூடுகிறதா என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.