எந்த வரிக்குதிரை?

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்சி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஜனவரி 31 உலக வரிக்குதிரை நாள் என்று எங்கள் பள்ளியிலும் கொண்டாடினோம். பிள்ளைகள் முகத்தில் கருப்பு வெள்ளைப் பட்டை தீட்டிக்கொண்டு, ‘வரிக்குதிரையைக் காப்போம்’ என்று அட்டையில் எழுதி வந்தார்கள். அப்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “டிவியில ஆயிரக்கணக்குல ஆத்தைத் தாண்டிப் போகுதே மிஸ், அதை எதுக்குக் காப்பாத்தணும்?” என்று கேட்டுவிட்டான். எல்லா உயிரையும் காக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி உட்கார வைத்தேன். எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை. யானை, வரையாடு என்று நமக்கே ஏகப்பட்ட கவலை இருக்கும்போது, நம் ஊரில் இல்லாத விலங்குக்கு நாம் விழிப்புணர்வு நாள் நடத்துவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

ர., திருச்சி

அன்புள்ள ர. அவர்களுக்கு,

முதலில் அந்தப் பையனைப் பாராட்டிவிடுங்கள். அவன் பார்த்தது உண்மை. தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியிலிருந்து கென்யாவின் மசாய் மாராவுக்கு ஆற்றைக் கடந்து போகிற கூட்டத்தில் வரிக்குதிரைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவன் பார்த்தது சமவெளி வரிக்குதிரை. வரிக்குதிரையில் மூன்று இனங்கள் உண்டு. சமவெளி வரிக்குதிரை ஒன்று, தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கத்து மலை வரிக்குதிரை ஒன்று, கிரேவி வரிக்குதிரை ஒன்று. முதல் இனம் ஆப்பிரிக்கா முழுக்கச் சுமார் ஐந்து லட்சம் இருக்கிறது. அதுவும் 2002க்கும் 2016க்கும் இடையில் கால்வாசி அளவுக்குக் குறைந்துபோனதுதான். கடைசி இனம் எல்லாம் சேர்த்துச் சுமார் மூவாயிரம். டிவியில் வருவது எப்போதும் முதலாவது. அதைப் பார்த்துவிட்டு ‘வரிக்குதிரை நிறைய இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் குவாகா என்று ஒரு வரிக்குதிரை வகை இருந்தது. கழுத்திலும் முன்னுடம்பிலும்தான் பட்டை, பின்னுடம்பு வெறும் பழுப்பு. தோலுக்கும் இறைச்சிக்கும் சுட்டார்கள். ஆடு மாட்டு மேய்ச்சலுக்குப் போட்டி என்றும் சுட்டார்கள். பட்டை போட்ட குதிரைகள் அங்கே வேறேயும் நிறைய இருந்ததால், எது குறைகிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1883 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சி சாலையில் ஒரு குவாகா செத்துப்போனது. உலகத்தில் கடைசி அதுதான் என்று அந்தக் காட்சி சாலைக்காரர்களுக்கே அன்றைக்குத் தெரியாது.

இப்போது கிரேவிக்கு வருகிறேன். 1880களில் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) மன்னர் மெனெலிக் பிரான்ஸ் அதிபர் ஜூல் கிரேவிக்கு ஒன்றைப் பரிசாக அனுப்பினார், அதனால் இந்தப் பெயர். உயிரோடு இருக்கும் காட்டுக் குதிரை இனங்களிலேயே பெரியது இதுதான். மெல்லிய, நெருக்கமான பட்டைகள், வட்டமான பெரிய காதுகள், பட்டையே இல்லாத வெள்ளை வயிறு. 1970களின் கடைசியில் சுமார் 15,000 இருந்தன. தோலுக்காக நடந்த வேட்டைதான் முதலில் அடித்தது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. அப்புறமும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. சோமாலியாவில் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி வட கென்யாவிலும் கொஞ்சம் எத்தியோப்பியாவிலும்.

துப்பாக்கியை நிறுத்திய பிறகும் ஏன் சரிகிறது? நம் விழிப்புணர்வு அட்டைகளில் வராத கதை இங்கேதான் இருக்கிறது. வட கென்யா வறண்ட பூமி. சம்புரு போன்ற மேய்ச்சல் மக்கள் ஆடு, மாடு, ஒட்டகங்களோடு வாழும் இடம். வறட்சிக் காலத்தில், நம் வைகை மணலில் ஊற்றுத் தோண்டுவது போல, அவர்களும் காய்ந்த ஆற்று மணலில் கிணறு தோண்டி, பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீரைக் கைமாற்றி இறைத்து மாடுகளுக்கு ஊற்றுவார்கள். பகல் முழுக்க அங்கே மனிதர்களும் மாடுகளும். கிரேவி வரிக்குதிரை அண்டாது. ராத்திரிதான் வரும். ராத்திரி சிங்கமும் கழுதைப்புலியும் வரும். சில கிணறுகளை மாலையில் முள் போட்டு மூடியும் விடுவார்கள்.

கிரேவி வரிக்குதிரைகளில் மற்றவை நாலைந்து நாள் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். பால் கொடுக்கிற தாயால் முடியாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை குடித்தாக வேண்டும். குட்டியை மற்றக் குட்டிகளோடு விட்டுவிட்டு நீருக்குப் போய்த் திரும்பும். கிணறு மூடியிருந்தால் அடுத்த கிணறு தேடி நடக்க வேண்டும், அந்த நேரமெல்லாம் குட்டி தாயில்லாமல் இருக்கும். கர்ப்பம் 13 மாதம், பிறப்பதே ஒரு குட்டி. அதுவும் பிழைக்காமல் போனால் எண்ணிக்கை எப்படி ஏறும்?

இதில் சம்புரு மக்களை வில்லன்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மாடு செத்தால் அவர்கள் வீட்டில் பால் இல்லை. அதனால்தான் அங்கே பலன் தந்த விழிப்புணர்வு வேறு மாதிரி இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேன் ரூபன்ஸ்டைன் போன்ற ஆய்வாளர்களும், 2007இல் தொடங்கிய கிரேவிஸ் ஜீப்ரா டிரஸ்ட் என்ற அமைப்பும் அந்த ஊர்ப் பெண்களையும் இளைஞர்களையுமே கண்காணிப்பாளர்களாகச் சேர்த்தார்கள். மாடு மேய்க்கப் போகிற அதே தடத்தில் நடந்து, எங்கே எத்தனை நிற்கிறது, எத்தனை குட்டி என்று அவர்களே குறித்தார்கள். ராத்திரிக்குக் கிணற்றைத் திறந்து வைப்பதை வெளியூர்க்காரர் வந்து சொல்வதும் சொந்த ஊர்க்காரி சொல்வதும் ஒன்றாகுமா?

2016இலிருந்து ‘கிரேட் கிரேவிஸ் ராலி’ என்று ஒன்றும் நடத்துகிறார்கள். ஜனவரிக் கடைசியில் இரண்டு நாள், பொதுமக்கள் கேமராவோடு போய் கிரேவி வரிக்குதிரையின் வலது பக்கத்தை மட்டும் படம் எடுக்க வேண்டும். நம் கைரேகை போலத்தான் அதன் பட்டையும். கணினி நிரல் பட்டைகளை ஒப்பிட்டு, ஒரே விலங்கை இரண்டு தடவை எண்ணாமல் கணக்குச் சொல்லிவிடும். 2018இல் கென்யாவுக்கு வந்த கணக்கு 2,812.

2022 வறட்சியில் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை செத்த விலங்குகளின் எண்ணிக்கையைக் கென்ய அரசு வெளியிட்டது. சமவெளி வரிக்குதிரை 381, கிரேவி 49. உங்கள் மாணவனிடம் இந்த இரண்டு எண்ணையும் கொடுத்து, எது பெரிய இழப்பு என்று கேளுங்கள். அவனே பதில் சொல்லிவிடுவான்.

நம் ஊரில் இல்லாததற்கு ஏன் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். (ஒரேயடியாக வராத விலங்கு என்றும் சொல்ல முடியாது. 1621இல் ஜஹாங்கீர் அரண்மனைக்கு ஒன்று வந்தது. பட்டை நிஜமா, சாயமா என்று சோதித்தே பார்த்தார்கள். அரண்மனை ஓவியர் மன்சூர் தீட்டிய அதன் ஓவியம் இப்போது லண்டனில் இருக்கிறது.) உண்மையைச் சொன்னால், முகத்தில் பட்டை தீட்டுவதால் வட கென்யாவில் ஒரு கிணறும் திறக்காது. உங்கள் பள்ளிக்கு நேரம் குறைவு என்றால் வரையாட்டுக்கே செலவிடுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒரு வகுப்பாவது வரிக்குதிரைக்குக் கொடுப்பதாக இருந்தால் உருப்படியாகக் கொடுக்கலாம். இணையத்தில் கிரேவி வரிக்குதிரைகளின் வலது பக்கப் படங்கள் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டை அச்செடுத்து, சிலவற்றை இரண்டு பிரதி எடுத்து, ஓரங்களை வேறு வேறு மாதிரி வெட்டிக் கலந்து, மொத்தம் எத்தனை விலங்கு என்று எண்ணச் சொல்லுங்கள். நடுவே இரண்டு மூன்று சமவெளி வரிக்குதிரைப் படங்களையும் சொல்லாமல் சேர்த்துவிடுங்கள். வயிற்றைப் பார்த்து அவற்றைக் கழித்துவிட்டு எண்ணுகிற பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.