அரைப் புரோத்தனும் ஒரு இறாத்தல் பாணும்

கேள்வி: குளோரீனின் அணுத்திணிவு 35.5 என்று மகளின் இரசாயனவியல் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அணுவுக்குள் அரைப் புரோத்தன், அரை நியூத்திரன் என்று ஏதும் உண்டா? கேட்டால் "அது சராசரி அப்பா" என்று சொல்லிவிட்டு டியூசனுக்கு ஓடிவிடுகிறாள்.
(ஒரு தகப்பன், வெள்ளவத்தை)

பதில்: சராசரி! இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு பேக்கரி. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஒருநாள் சும்மா வீட்டுத் தராசில் வைத்தேன், 410. அடுத்த நாள் 395. பாணைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டதற்கு முதலாளி, "ஐயா, சிலது கூட இருக்கும், சிலது குறைய இருக்கும், சராசரி சரியா வரும்" என்றார். சரி, அந்தக் கூடின பாண் யார் வீட்டுக்குப் போகிறது என்றேன். மனுசன் மாலு பணிஸ் தட்டை மூடப் போய்விட்டார். அதன் பிறகு பன்னிரண்டு நாள் நிறுத்து கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றாவது 450ஐத் தொடவில்லை.

குளோரீன் அவரைவிட நேர்மையானது. அரைப் புரோத்தனும் இல்லை, அரை நியூத்திரனும் இல்லை. இயற்கையில் குளோரீன் இரண்டு வகை. இரண்டிலும் 17 புரோத்தன், ஆனால் ஒன்றில் 18 நியூத்திரன் (கூட்டினால் 35), மற்றதில் 20 (கூட்டினால் 37). ஒரே பெயர், ஒரே குணம், நிறுத்தால்தான் வித்தியாசம் தெரியும். நூறு அணுவை அள்ளினால் ஏறக்குறைய 76 இலேசான வகை, 24 பாரமானது. ஆகவே 35ஐயும் 37ஐயும் கூட்டி இரண்டால் பிரித்து 36 என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி போய்விடும். ஒவ்வொன்றின் நுணுக்கமான திணிவையும் அதனதன் பங்கால் பெருக்கிக் கூட்டவேண்டும்: 34.969 × 0.758 + 36.966 × 0.242, வருவது 35.45, புத்தகத்தில் அதையே 35.5 ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் திணிவில் ஒரு குளோரீன் அணுகூட எங்கும் கிடையாது. புரோமீன் இன்னும் மோசம், புத்தகத்தில் 79.9 என்று போட்டிருப்பார்கள், 80ஐத் தேடிப் போனால் இயற்கையில் 79உம் 81உம்தான் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி நிற்கும். மகள் சொன்னது சரி.

அணுக்களைத் தனித்தனியாக நிறுக்கும் தராசை 1919இல் கேம்பிரிட்ஜில் செய்தவர் அஸ்டன். அணுக்களுக்கு மின்னேற்றி மின்புலத்துக்குள்ளும் காந்தப்புலத்துக்குள்ளும் ஓடவிட்டார். பாரத்துக்கு ஏற்றபடி வளைந்து அவை ஒளிப்படத் தகட்டில் வெவ்வேறு இடத்தில் போய் விழுந்தன. 1922இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்குக் கொப்பிதான் மிச்சம்.

பாரம் மட்டும் வேறான இந்த இரட்டையர்களுக்கு நம் புத்தகங்களில் பெயர் சமதானி. இந்தியப் புத்தகங்களில் ஐசோடோப்பு. நான் சமதானிக் கட்சி. 1913இல் ஐசோடோப்பு என்ற பெயரை இரசாயனவியலாளர் சொடி வெளியிட்டார், அவருக்கு அதை எடுத்துக் கொடுத்தவர் மார்கிரட் ரொட் என்ற பெண் மருத்துவர். கிரேக்கத்தில் 'ஒரே இடம்', அதாவது ஆவர்த்தன அட்டவணையில் ஒரே கட்டம். சமம், தானம் (இடம்) இரண்டையும் சேர்த்த நம் ஆள் ஒரு எழுத்து வீணாக்கவில்லை. வீணாக்கியது நாங்கள். ஒருமுறை ஒப்புநோக்கியவர் ஒரு அரவைச் சேர்த்து, "கதிர்த்தொழிற்பாடுள்ள சமாதானிகள் மிக ஆபத்தானவர்கள்" என்று அச்சில் ஏற்றிவிட்டார். விகுதியையும் திருத்தியிருந்தார், பாருங்கள். மறுவாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் "முற்றிலும் உண்மை" என்று தபாலட்டை போட்டிருந்தார்.

சொடி என்றதும் இன்னொன்று. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை, சிற்பம் என்றே வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவர் இங்கே கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவர், பலாங்கொடைப் பக்கம் தோரியனைற்று என்ற கனிப்பொருளைக் கண்டெடுத்தவர். அதன் உறவுக்காரனான இலங்கைத் தோரைற்றிலிருந்து எடுத்த ஈயத்தைத்தான் சொடி சோதித்தார். சாதாரண ஈயத்தின் அணுத்திணிவு 207.2, நம் நாட்டு ஈயம் 207.7க்கு மேல். அந்தக் கனிப்பொருளிலுள்ள தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகம் சிதைந்து கடைசியில் திணிவு 208 ஆகிற ஈயமாக நிற்பதால் அந்தப் பாரம். ஆகச் சராசரி என்பது எங்கே அள்ளினோம் என்பதையும் பொறுத்தது.

அதனால்தான் கேட்கிறேன், வெள்ளவத்தையில் பாண் எத்தனை கிராம்? நிறுத்து எழுதுங்கள். சராசரி வேண்டாம், ஒவ்வொரு பாணாக.