துறைமுகமும் ஏக்கமும் – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன சனிக்கிழமை நண்பர்களோடு பாரிமுனைப் பக்கம் பழைய கட்டடங்களைப் பார்க்க வந்திருந்தேன். என் தாத்தா 1950-களில் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தவர். பினாங்கு, சிங்கப்பூர் போகிற ரஜூலா கப்பலுக்கு டிக்கெட் எழுதியவர். "அந்த மெட்ராஸே வேறம்மா. ஆர்மீனியன், பார்சி, சேட்டு, பர்மாக்காரன் எல்லாம் ஒரே தெருவுல நடப்பான். இப்ப வெறும் குடோன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்ததும் குடோன்தான். ஆர்மீனியர் கோயிலில் கல்லறைக் கற்கள் இருந்தன, ஆர்மீனியர் ஒருவரும் இல்லை. வெளியே வந்தால் மீன்பாடி வண்டி, அட்டைப்பெட்டி, சாக்கடை. மனசு கனத்துவிட்டது. இப்படிப்பட்ட ஊர் எப்படிச் சரிந்தது? புதுச்சேரி, ஃபோர்ட் கொச்சி மாதிரி இந்தத் தெருக்களுக்கு வண்ணமடித்து, நாலு கஃபே வைத்து மீட்க முடியாதா?

நித்யா,
வேளச்சேரி

அன்புள்ள நித்யா,

தாத்தா சொன்னது பொய்யில்லை. அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஊர் அப்படித்தான் தெரிந்திருக்கும். கப்பல் கிளம்புகிற நாளில் செட்டியாரும், மரைக்காயரும், தகரப்பெட்டியும் பாயுமாக மேல்தளத்தில் இடம்பிடிக்க வந்த கூலிக்காரரும் அவர் மேஜைக்கு முன்னால்தான் நின்றிருப்பார்கள். ரஜூலா 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அப்புறம் சிதம்பரம் கப்பல். 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே முடிந்தது. அதற்குள் விமானம் வந்துவிட்டது. டிக்கெட் எழுதியவருக்கு ஊர் அன்றைக்கே செத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் 'சரிந்தது' என்று நீங்களும் சேர்ந்து சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் பார்த்த ஆர்மீனியர் கோயில் 1772-இல் கட்டியது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் மெட்ராஸில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் அந்தக் கோயிலிலேயே அடக்கமாகியிருக்கிறார். பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதே தெருவில் கொஞ்சம் தள்ளி அந்தோணியார் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் வாசலில் நிற்க இடம் கிடைத்திருக்காது. கையில் மெழுகுவர்த்தியோடு, நெற்றியில் குங்குமத்தோடும் தலையில் முக்காட்டோடும் வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போனவர்களின் கல்லறையைப் படம் பிடித்தீர்கள். வந்தவர்கள் உங்களுக்குக் கூட்டமாக, அட்டைப்பெட்டியாகத் தெரிந்திருக்கிறார்கள். மீன்பாடி வண்டியை மிதித்தவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டீர்களா? மண்ணடியில் இரும்புக்கடை, சௌகார்பேட்டையில் மார்வாடி, லோடு இறக்குகிறவர்களில் பீகார், ஒடிசா. தாத்தா பட்டியலைவிட இது சின்னதில்லை.

இன்னொன்று. 'எல்லாரும் ஒரே தெருவில்' என்பதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த பெயர் கருப்பர் நகரம். அதுவும் இரண்டாவது கருப்பர் நகரம். முதலாவது இன்றைய உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், கோட்டைக்கு முன்னால் பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று மிச்சமிருந்த வீடுகளை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போய், பிறகுதான் பூக்கடைப் பக்கம் எழும்பியது. இந்தப் பக்கம் கட்டக்கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. அடுத்த தடவை அதையும் பாருங்கள்.

சரி, அப்படியானால் எதுவுமே போகவில்லையா? போயிருக்கிறது. முதலில் போனது கடற்கரை.

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். ராயபுரத்து இராயப்பர் கோயில் அந்தப் படகுக்காரர்கள் கட்டியது. 1870-களில் கல்சுவர் போட்டுத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகப் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கே இருந்த வாயை அடைத்து வடகிழக்கே திறந்தார்.

இந்தச் சுவர் செய்த இன்னொரு வேலையை அநேகமாக யாரும் பேசுவதில்லை. நம் கடலோரத்தில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரக் குடியிருப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நீங்கள் பார்க்கிற கரை லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல். மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களைப் பார்த்தால் 'எங்கள் மணலை விட்டு எழுந்திருங்கள்' என்று சொல்லத் தோன்றும். கணக்குப்படி அது ஓரளவு நியாயம்தான்.

அடுத்தது கன்டெய்னர். 1983-இல் இங்கே கன்டெய்னர் முனையம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு கப்பலை மூட்டை மூட்டையாக இறக்கி முடிக்க நாள்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் நூற்றுக்கணக்கான தலைகளுக்குக் கூலி, மாலுமிகள் ஊருக்குள் இறங்கிச் சுற்றுவார்கள், டீக்கடை முதல் தையற்கடை வரை காசு புழங்கும். இப்போது கிரேன் எடுக்கிறது, வைக்கிறது, கப்பல் கிளம்பிவிடுகிறது. சரக்கு முன்பைவிட அதிகம், மனிதர்தான் குறைவு. ஊருக்கு மிச்சம் வெளியே வரிசையில் நிற்கிற டிரெய்லர். டிரைவர்கள் சக்கரத்துக்கு நடுவே ஸ்டவ் வைத்து ரொட்டி சுடுவதைப் பார்க்கலாம். நிலக்கரி இறங்கி, இரும்புத்தாது ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரம் மொட்டைமாடிகளில் காயப்போட்ட வேட்டி சாயந்திரம் சாம்பல் நிறத்தில் இருக்கும். உயர் நீதிமன்றம் சொல்லி 2011-இல்தான் அது நின்றது. நின்றதும் என்ன, எண்ணூருக்குப் போனது. அங்கே இருப்பவர்களும் வடசென்னைதான்.

சரிந்த துறைமுக நகரம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் ரங்கூனைப் பாருங்கள். 1931 கணக்கெடுப்பில் அந்த ஊர் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். ஒரு நடை தூரத்துக்குள் காளி கோயில், யூதர் கோயில், ஆர்மீனியர் கோயில், நடுவில் சூலே பகோடா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1930-இலேயே துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்ய, பதிலுக்குப் பர்மியரை எடுத்து, வேலைநிறுத்தம் முடிந்ததும் அவர்களைக் கழற்றிவிட, கலவரமாகிப் பலர் செத்தார்கள். 1942-இல் ஜப்பான் வந்தபோது லட்சக்கணக்கில் இந்தியர்கள் நடந்தே வந்தார்கள். 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சி, 1964-இல் கடைகளெல்லாம் அரசுடைமை. வட்டிக்கடை, நிலம் எல்லாம் போய், கையில் இருந்த கொஞ்ச நகையையும் கப்பல் ஏறுமிடத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிய இடம் நம் துறைமுகம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு 1969-இல் துறைமுகச் சுவரோரம் கடை போட இடம் கிடைத்தது. அதுதான் பர்மா பஜார். மாலுமிகளும், வெளிநாட்டுச் சாமானைப் பெட்டியில் சுமந்து வருகிற 'குருவி'களும் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் விற்ற கடைகள் 1991 பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு மவுசு குறைந்து, இன்று செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகின்றன.

சாயந்திரம் இரண்டாம் கடற்கரைச் சாலையில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் வண்டி போடுவார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் கிண்ணத்தில் கொட்டிக் கையாலேயே பிசைவார். கூடவே வாழைத்தண்டு சூப். சூப்பை இன்னொரு முறை கேட்டால் காசு கேட்காமல் ஊற்றுவார். முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயம் வைத்துத் தருவதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, வரிசையில் நிற்பவர்களின் தட்டைப் பார்த்தாலே தெரியும். தாத்தாவின் 'பர்மாக்காரன்' எங்கேயும் போகவில்லை.

கடைசியாக, கஃபே. எனக்குக் காபி பிடிக்கும், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் வண்ணமடித்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் முதலில் காலி செய்கிறவர் மாடியில் பேப்பர் கட்டிங் மிஷின் வைத்திருக்கிறவர், அப்புறம் அவரிடம் கூலிக்கு நிற்கிறவர். அந்தத் தெருக்கள் இன்றும் வேலை செய்கிற தெருக்கள். பழைய கட்டடங்களுக்கு ஒழுகாத கூரை போட உரிமையாளருக்குக் கடன் கிடைக்க வழி செய்யட்டும். சாக்கடையைச் சரிசெய்யட்டும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு நாலு தெருவுக்கு ஒரு கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் வைக்கட்டும். காசிமேட்டுக்கு வடக்கே கல் கொட்டுவதை விட்டு மணலுக்கு வழி பார்க்கட்டும். வண்ணத்தை அப்புறம் அடித்துக்கொள்ளலாம், என்ன கலர் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு.

தாத்தாவின் டிக்கெட் புத்தகமோ கப்பல் அட்டவணையோ வீட்டில் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மேல்தளத்துக்கு என்ன கட்டணம் வாங்கினார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.