பேஸ் கிட்டாருக்குன்னு செஞ்ச பொட்டி: எலக்ட்ரானிக் மியூசிக், நம்ம இஷ்டத்துக்குப் பண்றது பத்தி கேள்வி பதில்

ரெண்டு நாளா வந்த கேள்வி எல்லாத்தையும் படிச்சிட்டேன். ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன், விட்டுப்போனவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்கிட்ட அம்பது பிளக்இன் (கம்ப்யூட்டர்ல ஓடற இசைக் கருவி) இருக்கு, ப்ரீசெட் (ரெடிமேடா வர்ற சத்தம்) ஆயிரக்கணக்குல. தினமும் ராத்திரி உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், ரெண்டு வருஷத்துல ஒரு ட்ராக் கூட முடியல. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, துணிக்கடைல ஒவ்வொரு புடவையா பிரிச்சுப் போடச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தா கடை மூடற நேரம் வந்துடும், அந்த நிலமைல இருக்க நீ. கைல கம்மியா இருந்தாத்தான் கை வேலை செய்யும், இத நான் அடிச்சுச் சொல்வேன்.

1981ல ரோலண்ட் கம்பெனி டிபி-303ன்னு ஒரு சின்ன வெள்ளிக் கலர் பொட்டி விட்டாங்க, தடாவோ கிகுமோட்டோன்னு ஒரு இன்ஜினியர் டிசைன் பண்ணது, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவங்களுக்கு அதுக்கு பதிலா இது வாசிக்கும்னு சொல்லித்தான் வித்தாங்க. ஆனா பேஸ் கிட்டார் மாதிரி கேக்கவே இல்ல. புரோகிராம் பண்றதும் தலைவலி, எந்த நோட்டுங்கறத தனியா போடணும், எப்ப வரணுங்கறத தனியா போடணும். மொத்தம் ஒரு பத்தாயிரம் பொட்டி செஞ்சுட்டு 1984ல நிறுத்திட்டாங்க, அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைச்சுது. சிகாகோல டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜேன்னு மூணு பசங்க, ஃப்யூச்சர்னு பேர் வெச்சுக்கிட்டவங்க, அப்படி ஒண்ண வாங்கி வந்து, பாட்டர்ன் ஓடிட்டிருக்கும்போதே மேல இருக்கற குமிழத் திருக ஆரம்பிச்சாங்க. கட்ஆஃப்ங்கறது சத்தத்தோட வாயத் திறந்து மூடற மாதிரி, ரெசனன்ஸ ஏத்துனா அந்த மூடற இடத்துலயே ஒரு விசில் கிளம்பும், ரெண்டையும் சேர்த்துத் திருகுனா அதே பதினாறு ஸ்டெப், அதாவது பதினாறு இடமா சுத்திச் சுத்தி வர்ற பாட்டர்ன், கெஞ்சும், கொப்புளிக்கும், கத்தும். ஒரு நோட்டு கூட மாறாது. 1987ல அது 'ஆசிட் ட்ராக்ஸ்'னு ரெக்கார்டா வந்து ஆசிட் ஹவுஸ்னு ஒரு வகையே அதுலேர்ந்து கிளம்புச்சு. பொட்டி செஞ்சவர் நினைச்சது ஒண்ணு, இவங்க பண்ணது வேற. நம்ம இஷ்டத்துக்குப் பண்ற சுதந்திரம் எனக்குத் தெரிஞ்சு அந்த இடத்துலதான் இருக்கு.

அதனால இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு சிந்த் (சிந்தசைசர், மின்சாரத்துல சத்தம் உண்டாக்கற கருவி) திற, இனிட் பேட்ச்ல, அதாவது எந்த அலங்காரமும் இல்லாத வெறும் சத்தத்துல, ஆரம்பி, பதினாறு ஸ்டெப் ஏதாச்சும் போடு, ரெண்டு குமிழ் மட்டும் தேர்ந்தெடுத்து பத்து நிமிஷம் திருகிக்கிட்டே ரெக்கார்ட் பண்ணு. அன்டூ கிடையாது. அதுல நல்லா இருக்கற ரெண்டு நிமிஷத்த வெட்டி எடு. ஒரு வாரம் பண்ணிட்டு வந்து சொல்லு.

கேள்வி: நான் போடறது என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் பிடிக்கல, 'ட்ராப் எங்க மச்சி'ன்னு கேக்கறாங்க (ட்ராப்னா பீட் திடீர்னு வெடிச்சு எறங்கற இடம்). அவங்களுக்காக மாத்தணுமா?

பதில்: மேல சொன்ன அதே 'ஆசிட் ட்ராக்ஸ', வெளில வர்றதுக்கு முன்னாடி சிகாகோல மியூசிக் பாக்ஸ் கிளப்ல டிஜே ரான் ஹார்டிகிட்ட டேப்பா குடுத்தாங்க. அவர் போட்டதும் ஜனங்க ஃப்ளோர விட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போட்டார். மூணாவது தடவையும் போட்டார். நாலாவது தடவை கூட்டம் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுச்சுன்னு டிஜே பியரே பல பேட்டில சொல்லியிருக்கார். காதுக்குப் பழகவே நேரம் ஆகும், ஒரு தடவை கேட்டுட்டு சொல்ற கருத்த வெச்சு எதையும் கலைக்காத. அதே சமயம் யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்னும் இருக்காத, அந்த ட்ராக்குக்கே சிகாகோ புரொட்யூசர் மார்ஷல் ஜெஃபர்சன் டெம்போவ குறைக்கச் சொன்னார், குறைச்சாங்க, அது நல்ல யோசனை. டெம்போவ மாத்துனா ட்ராக் உன்னோடதாவே இருக்கும். எனக்கு ஒரு லேபிள், பேர் வேணாம், வோக்கல் சேர்த்தாத்தான் எடுப்போம்னாங்க, சேர்த்தேன், எட்டு வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் அத முழுசா கேக்க மனசு வரல.

கேள்வி: மேடம், நான் பன்னெண்டு வருஷம் வீணை கத்துக்கிட்டவ. கீபோர்டுல தோடி ராகம் வாசிச்சா பொணம் மாதிரி கிடக்குது. எலக்ட்ரானிக்ல கமகத்துக்கு, சுரத்த ஆட்டி வளைக்கறதுக்கு, இடமே இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். இடம் இருக்கு, ஆனா நாமதான் புடுங்கிக்கணும். 1983ல வந்த மிடி, அதாவது இசைக் கருவிங்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கற மொழி, 128 நோட்டுன்னு கட்டம் போட்டு வெச்சிருக்கு, பியானோ கட்டைய மனசுல வெச்சு செஞ்சது. தோடி காந்தாரம் எந்தக் கட்டைலயும் உக்காராது, ஆடிக்கிட்டேதான் இருக்கும், அத ஒரு நோட்டா போட்டா நீங்க சொன்ன கதிதான். ஆனா அதே மிடிக்குள்ளயே பிட்ச் பெண்ட், அதாவது சுரத்த வளைக்கற வசதி, இருக்கு, 16,384 படி, அவ்ளோ நுணுக்கம் ஆட்டத்துக்குத் தாராளமா போதும். பெரும்பாலான சிந்த்ல அது மேல ரெண்டு கீழ ரெண்டு அரைச்சுரம்தான் போகும், அத பன்னெண்டா மாத்திட்டு, சிந்த மோனோல (ஒரு நேரத்துல ஒரு நோட்டு மட்டும்) வெச்சு, ஒரே நோட்ட அழுத்திப் புடிச்சுக்கிட்டு, ஆட்டம் முழுக்க பெண்ட் கர்வ்லயே கையால வரைங்க. வீணைல தந்தியச் சுண்டி இழுப்பீங்கல்ல, அந்த இழுப்போட படம்தான் அது. முதல்ல உங்க வீணையவே ரெக்கார்ட் பண்ணி அந்த அலையப் பாத்துக்கிட்டே வரைஞ்சா இன்னும் சீக்கிரம் வரும். ஒரு விஷயம், சாதா மிடில பெண்ட் பண்ணா அந்த சேனல்ல இருக்கற எல்லா நோட்டும் சேர்ந்து வளையும், தனித்தனியா வளையணும்னா எம்பிஇங்கற வசதி இருக்கற சிந்தா பாருங்க, சர்ஜ் எக்ஸ்டின்னு ஒண்ணு ஃப்ரீயாவே கிடைக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். சிகாகோ பசங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1982ல, பம்பாய் சினிமால வாசிச்சுக்கிட்டிருந்த சரண்ஜித் சிங் அதே 303, ஒரு 808 டிரம் மெஷின், ஒரு ஜூபிடர்-8 சிந்த் இதெல்லாம் வெச்சு டிஸ்கோ பீட்ல பத்து ராகம் வாசிச்சு ஆல்பம் போட்டார். அப்ப பெருசா யாரும் கண்டுக்கல. 2010ல மறுபடி வெளியிட்டப்பதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. அவருக்கு சிகாகோ தெரியாது, சிகாகோவுக்கு அவரத் தெரியாது, பொட்டி மட்டும் ஒண்ணு. 303ல ஸ்லைடுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு நோட்டுலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போகும், ராகத்துக்கு அது எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு அந்த ஆல்பத்த கேட்டுப் பாருங்க.

கேள்வி: ப்ரோ லூப் பேக்லேர்ந்து (ரெடிமேடா விக்கற இசைத் துண்டு தொகுப்பு) எடுத்துப் போட்டா அது என் பாட்டா? (அக்கான்னு தெரியாம ப்ரோன்னுட்டேன் சாரி)

பதில்: பரவால்லப்பா. வாங்குன லூப்ப அப்படியே நீட்டி விட்டா சட்டப்படி பிரச்சனை இருக்காது, ஆனா அதே லூப் இன்னும் நூறு பேர் பாட்டுல ஓடும். வெட்டு. 1969ல தி வின்ஸ்டன்ஸ்ங்கற பேண்டோட பாட்டுல கிரிகரி கோல்மன் வாசிச்ச நாலு பார் டிரம்ஸ், சுமார் ஏழு செகண்ட்தான் வரும், அத லண்டன் பசங்க 1990கள்ல துண்டு துண்டா வெட்டி, வேகம் ஏத்தி, மாத்தி அடுக்கித்தான் ஜங்கிள்ங்கற இசை வகை பொறந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இசை அது, ஆனா கோல்மன் ஒரு காசு பாக்காம 2006ல வறுமைலயே செத்தார், அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. 2015ல ரசிகர்கள் சேர்ந்து வசூல் பண்ணி பேண்ட் லீடருக்கு 24,000 பவுண்ட் குடுத்தாங்க, அதுவும் சட்டம் சொல்லி இல்ல. அதனால அடுத்தவங்க வாசிச்சத எடுத்தா கேட்டுட்டு எடு, பேரப் போடு, வந்த காசுல பங்கு குடு.

கேள்வி: ஏஐல பாட்டு பண்ணலாமா?

பதில்: பண்ணலாம். எனக்கு வேணாம். குமிழ் திருகற சந்தோஷத்துக்காகத்தான் நான் இதுக்கே வந்தேன்.

கேள்வி: அம்மா, நான் ரிடையர் ஆனவன். மாடுலர் சிந்த் (தனித்தனி துண்டா வாங்கி ஒயரால இணைக்கறது) வாங்க ஆசை, விலை பயமா இருக்கு. கீபோர்டும் வாசிக்க வராது.

பதில்: ஐயா, கீபோர்டு வராதது ஒரு குறையே இல்ல. 1960கள்ல மூக் சிந்த்ல கீபோர்டு வெச்சாங்க, அதே சமயம் கலிஃபோர்னியால டான் புக்லா வேணும்னே வைக்கல, தொடற தகடுதான் வெச்சார், கட்டை இருந்தா கை பழைய பாட்டுக்கே போயிடும்னு. வாங்கறதுக்கு முன்னாடி விசிவி ராக்னு ஒண்ணு கம்ப்யூட்டர்ல ஃப்ரீயா இருக்கு, ஒயர் மாட்டறது உட்பட எல்லாம் அதுலயே பழகலாம். ஆறு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா அப்ப காசப் போடுங்க.

கேள்வி: லேப்டாப்பே இல்லக்கா, ஃபோன் மட்டும்தான். அப்ப எனக்கு இது இல்லையா?

பதில்: ஏன் இல்ல? 1948ல பாரிஸ்ல பியர் ஷேஃபர் ரயில் சத்தத்த ரெக்கார்டு தட்டுல பதிஞ்சு அத வெச்சே ஒரு இசை பண்ணார், அவருக்கு இருந்தத விட உன் ஃபோன்ல வசதி ஜாஸ்தி. கோவாலா சேம்ப்ளர்னு ஒரு ஆப் கொஞ்சம் காசுக்குக் கிடைக்கும், பேண்ட்லேப் ஃப்ரீ. நான் போன மாசம் எங்க அம்மா உளுந்து அரைக்கும்போது ஃபோன கிரைண்டர் பக்கத்துல வெச்சேன். ஆரம்பத்துல பருப்பு கல்லுல அடிபட்டு கடகடன்னு கூரா இருக்கும், தண்ணி தெளிக்கத் தெளிக்க மாவு பொங்கிவர, சத்தத்தோட கூர் மெல்ல மழுங்கி கடைசில புசுபுசுன்னு ஆயிடுது, இருபது நிமிஷத்துக்கு மேல சொன்ன கட்ஆஃப் குமிழ மெதுவா மூடற மாதிரியே. அத பாதி வேகத்துல ஓட விட்டு கீழ ஒரு கிக் டிரம் மட்டும் போட்டேன், அம்மா கேட்டுட்டு 'மாவு இன்னும் பதம் வரல'ன்னாங்க, கரெக்ட், நான் முதல் பாதியத்தான் எடுத்திருந்தேன். உன் வீட்டுல எது ஓடுதோ அதுக்குப் பக்கத்துல ஃபோன வெச்சு அஞ்சு நிமிஷம் பதிஞ்சு எனக்கு அனுப்பு, எங்க வெட்டலாம்னு சேர்ந்து பாக்கலாம்.