பெய்ரோனி வளைவும் விறைப்பின்மையும் சேர்ந்தே இருக்கின்றன, இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?

உங்களுக்கு 46 வயது. 9 வருடமாகச் சர்க்கரை. உறுப்பு மேல்நோக்கி வளைந்துவிட்டது, விறைப்பும் நிற்பதில்லை, மாத்திரை பலன் தரவில்லை. மருத்துவர் இம்பிளான்ட் (உறுப்புக்குள் வைக்கும் விறைப்புக் கருவி) வைக்கலாம் என்கிறார், பயமாக இருக்கிறது, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனசு கனத்துப் போனது. நானும் அப்படியே மூன்று வருடம் இருந்தவன்.

நான் ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இப்போது 56 வயது. மூன்று பாகம் கொண்ட, காற்றடைப்பது போல நிரப்பிக்கொள்ளும் இம்பிளான்ட் 2021-இல் வைத்தார்கள். மருத்துவம் படித்தவனல்ல. நான் அனுபவித்ததையும், மருத்துவரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

2017-இல் ஒருநாள் குளிக்கும்போது உறுப்பின் மேல்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. விறைக்கும்போது அந்த இடத்தில் வலி. புற்றுநோய் என்றே முடிவு கட்டிக்கொண்டு எத்தனையோ இரவு தூங்கவில்லை. பெய்ரோனி புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பாதி உயிர் திரும்பி வந்திருக்கும். விறைப்பின்போது ரத்தம் நிரம்பும் இரண்டு குழாய்களைச் சுற்றி ஒரு உறுதியான உறை இருக்கிறது. அதில் சிறு காயம் பட்டு, ஆறும்போது தழும்பு தடித்துப் போவதுதான் இந்த நோய். சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்ட இடம் விரியாது, காற்றடித்தால் டியூப் அந்தப் பக்கமாக வளையும். அதேதான் இங்கேயும் நடக்கிறது. 1743-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெய்ரோனியின் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. அவர் பதினைந்தாம் லூயி மன்னரின் மருத்துவர். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஊர் உலகத்தில் இருக்கும் நோயைத்தான் நமக்கு மட்டும் வந்த அவமானமாக நினைத்துப் பூட்டி வைத்தேன்.

முதலில் நான் போனது தப்பான இடத்துக்கு. மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ஒருவரிடம் லேகியத்துக்கும் பொடிக்கும் ஆறு மாதத்தில் 38,000 ரூபாய் கொடுத்தேன். பணத்தைவிட அந்த ஆறு மாதம் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படி விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை உலகம் முழுக்கப் பல சோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2019-இல்தான் யூராலஜி மருத்துவரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது என் உள்ளங்கையை. விரலுக்குக் கீழே கயிறு மாதிரித் தடித்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். டூப்யூட்ரான் என்ற கை நோய் சிலருக்கு இதோடு சேர்ந்து வருமாம். பிறகு வீட்டில் விறைப்பு வரும்போது பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுத்து வரச் சொன்னார். கூச்சமாக இருந்தது, எடுத்துப் போனேன். நீங்களும் எடுத்துவிடுங்கள். கோணம் எவ்வளவு, மாதத்துக்கு மாதம் மாறுகிறதா என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிறகு ஊசி போட்டு விறைப்பு வரவைத்து ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். வளைவு 60 டிகிரி, ரத்தம் உள்ளே வருவதும் குறைவு, வந்தது நிற்பதும் இல்லை என்று தெரிந்தது. கையோடு இதயத்தையும் சோதிக்கச் சொன்னார். உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிட மெல்லியது, அதனால் அடைப்பு முதலில் அங்கே தெரியும், நெஞ்சு சில வருடம் கழித்துச் சொல்லும் என்றார். உங்களுக்கு இதயப் பரிசோதனை செய்யாமல் இருந்தால் இந்த மாதமே செய்யுங்கள். மற்ற எதற்கும் முன்னால் அதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இம்பிளான்ட் வைக்க உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவை விலக்கி இடம் பண்ணுகிறார்கள். அதன்பிறகு தானாக விறைப்பு வருவது அநேகமாக இல்லாமலே போகும். கருவியை நாளைக்கு எடுத்துவிட்டாலும் பழையது திரும்பாது, மாத்திரையும் ஊசியும் கேட்காது. அதனால் மற்ற வழிகளை நிஜமாகவே முயன்று பார்த்துவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரை பலன் தரவில்லை என்கிறீர்களே, எப்படி எடுத்தீர்கள்? நான் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சில்டெனாஃபில் போட்டவன். கொழுப்பான சாப்பாட்டோடு அது சரியாக வேலை செய்யாது. வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்னால், முழு அளவில், ஐந்தாறு முறையாவது போட்டுப் பார்த்த பிறகுதான் பலனில்லை என்று சொல்லலாம் என்று மருத்துவர் திரும்ப எடுக்க வைத்தார். எனக்கு அப்படியும் நிற்கவில்லை. உறுப்பின் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளும் விறைப்பு ஊசி பயன் தந்தது, ஆனால் 60 டிகிரி வளைவோடு அந்த விறைப்பால் உறவு முடியவில்லை. வளைவுக்கு கொலாஜினேஸ் என்று ஓர் ஊசி 2013 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனக்கு வைத்தியம் பார்த்தவரிடம் அது இல்லை.

வளைவை மட்டும் சரிசெய்யும் அறுவை சிகிச்சையும் உண்டு. வளைவுக்கு எதிர்ப்பக்கம் மடித்துத் தைப்பார்கள், அல்லது தழும்பை வெட்டி ஒட்டு வைப்பார்கள். இரண்டும் விறைப்பு நன்றாக இருப்பவர்களுக்கு. மருந்துக்கும் மசியாத விறைப்பின்மையோடு வளைவும் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டையும் ஒரே மேசையில் சரிசெய்வது இம்பிளான்ட்தான். உங்கள் மருத்துவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் நோய் அடங்கிவிட்டதா என்று பாருங்கள். வலி நின்று, வளைவு குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் மாறாமல் இருக்க வேண்டும். தழும்பு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போது வளைவுக்கு அறுவை செய்யக் கூடாது.

கருவியில் இரண்டு வகை. ஒன்று வளைக்கக்கூடிய இரண்டு கம்பிகள், மேலே சிலிக்கோன். எப்போதும் உறுதியாகவே இருக்கும், தூக்கி வைத்தால் நிற்கும், கீழே மடித்தால் மடங்கும். பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. மும்பை மருத்துவர் ரூபின் ஷாவின் பெயரில் இந்தியாவிலேயே செய்யும் ஷா இம்பிளான்ட் இந்த வகை. வேட்டி, பேண்டில் மறைப்பது கொஞ்சம் சிரமம். எப்போதும் உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருப்பதால், சர்க்கரையால் உணர்வு மரத்தவர்களுக்குத் தோலை அரித்து வெளியே வரும் ஆபத்தும் அதிகம். இன்னொன்று ஹூஸ்டனில் பிரான்ட்லி ஸ்காட் என்ற மருத்துவர் 1973-இல் வெளியுலகுக்குக் காட்டிய வகை. உறுப்புக்குள் இரண்டு சிலிண்டர், விதைப்பைக்குள் ஒரு சிறிய பம்ப், அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் சலைன் பை. பம்பை அமுக்கினால் சலைன் சிலிண்டருக்குள் ஏறி விறைக்கும், அதிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் இறங்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது. எனக்கு வைத்தது இதுதான். எல்லாச் செலவும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் ஆனது. காப்பீட்டில் ஒரு ரூபாய் தரவில்லை. கம்பி வகை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும் என்று சொன்னார்கள். கையில் பணம் இல்லையென்றால் கம்பி வகையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். என்னோடு அதே வாரம் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர் இன்றும் நிம்மதியாக இருக்கிறார்.

அறுவைக்கு முன் என்னை ஐந்து மாதம் காக்க வைத்தார் மருத்துவர். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 9.4 இருந்தது. அதை 7.1-க்குக் கொண்டுவந்த பிறகுதான் தேதி கொடுத்தார். அன்று அவர்மேல் கோபம் வந்தது, இன்று நன்றி சொல்கிறேன். கிருமி தொற்றினால் கருவி முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும், திரும்ப வைக்கும்போது உறுப்பு இன்னும் சுருங்கியிருக்கும். முதல்முறை வைப்பவர்களில் 100-க்கு 1 முதல் 3 பேருக்கு இப்படி ஆகலாம், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இன்னும் கூடுதல். அந்தக் காத்திருப்பு மாதங்களில் வேக்யூம் பம்ப் வைத்துத் தினமும் இழுத்துவிடச் சொன்னார், உள்ளதாவது சுருங்காமல் இருக்கட்டும் என்று.

நீளம். இதை யாரும் முதலில் வாய்விட்டுக் கேட்பதில்லை, பிறகு வருத்தப்படுவதெல்லாம் இதற்குத்தான். இம்பிளான்ட் உறுப்பை நீட்டாது. பெய்ரோனி ஏற்கெனவே தின்றுவிட்ட நீளம் திரும்ப வராது. என் மருத்துவர் உறுப்பை இழுத்துப் பிடித்து அளந்து, அந்த அளவை என் கண்முன்னே ஃபைலில் எழுதினார். "இதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போவது, இருபது வயதில் இருந்தது இல்லை. சம்மதமா?" என்று கேட்டார். அன்று இரவு அழுதேன். ஆனால் அறுவைக்குப் பிறகு ஒருநாளும் ஏமாந்துவிட்டதாகத் தோன்றவில்லை. உங்கள் மருத்துவர் அளக்கவில்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். முனைப்பகுதி முன்போல் பெருக்காது, மெத்தென்றே இருக்கும். உணர்ச்சி, உச்சம், விந்து வெளியேறுவது எல்லாம் முன்பு எப்படியோ அப்படியே. ஆசையைக் கருவி கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

முதுகில் ஊசி போட்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். உறுப்பும் விதைப்பையும் சேரும் இடத்தில் சின்ன வெட்டு. சிலிண்டரை நிரப்பியதும் வளைவு பாதிதான் நிமிர்ந்ததாம். வளைவுக்கு எதிர்த்திசையில் கையால் அழுத்தி வளைத்து ஒன்றரை நிமிடம் பிடித்திருப்பது ஒரு முறை, 1994 முதல் வழக்கத்தில் இருக்கிறது. தழும்பு விட்டுக்கொடுக்கும். அதைச் செய்தார்கள். செய்து முடித்ததும் 15 டிகிரி அளவு மிச்சம் இருந்தது. 30 டிகிரிக்குள் இருந்தால் உறவுக்குத் தடையில்லை, பம்பைப் பயன்படுத்தப் பயன்படுத்த அதுவும் குறையும் என்றார். குறைந்தது.

முதல் பத்து நாள் கஷ்டம்தான். விதைப்பை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. நடந்தால் வலி, உட்கார்ந்தால் வலி. இறுக்கமான உள்ளாடை போட்டு உறுப்பைத் தொப்புள் பக்கம் நிமிர்த்தி வைத்திருக்கச் சொன்னார்கள். ஐந்தாவது வாரம் பம்பை அமுக்கக் கற்றுக்கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு தினமும் ஏற்றி இறக்கிப் பழக்கம். ஆறு வாரத்துக்குப் பிறகு உறவு கொள்ளலாம் என்றார்கள், நாங்கள் எட்டு வாரம் பொறுத்தோம். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை பத்து வருடம் தாண்டி ஓடுகின்றன, ஆனால் ஆயுளுக்கும் வராது. நீங்கள் 46-இல் வைத்தால் வாழ்நாளில் இன்னொரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள் என்று அறுவை மருத்துவரை நேராகக் கேளுங்கள். வருடத்துக்கு ஒன்று செய்பவரிடம் செய்துகொள்ளாதீர்கள், ஊர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

இனி மனைவியிடம் சொல்வது. 2020 ஊரடங்கில் கடை மூடி இருவரும் வீட்டில் இருந்தோம். மூன்று வருடமாக நான் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன், அவள் எதுவும் கேட்டதில்லை. ஒரு மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, எம்மேல ஏதாச்சும் வெறுப்புங்களா?" அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஃபைலை எடுத்து வந்து காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதைச் சொல்றதுக்கு ஏனுங்க இத்தனை நாளு?" என்றாள். அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள். கருவியின் மாதிரியைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தது அவள்தான். வலிக்குமா, கழன்றுவிடுமா, எனக்கு ஏதும் ஆகுமா என்று நான் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாள். நீங்கள் முடிவெடுத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைக்கிறீர்கள். வேண்டாம். அவர்களும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. அறுவையே வேண்டாம், இப்படியே இருப்போம் என்று இருவருமாக முடிவெடுத்தாலும் அது நல்ல முடிவுதான், உயிருக்கு இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை.

போன வருடம் சிறுநீரகக் கல்லுக்காக இரவில் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலியில் எனக்குப் பேச்சே வரவில்லை. நர்ஸ் சிறுநீர்க் குழாய் போட வந்தார். இம்பிளான்ட் இருப்பவருக்கு அதைச் சொல்லாமல், சலைனை இறக்கி வைக்காமல் குழாய் போடக் கூடாது. வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். என் மனைவி எழுந்து போய்த் தெளிவாகச் சொன்னாள்: "சிஸ்டர், இவங்களுக்கு ஆணுறுப்புல கருவி வெச்சிருக்குதுங்க. டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க." என் பர்ஸிலிருந்து கருவியின் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.